எண்ணெய் மில்லின் மூன்றாவது பங்காளி

1. கூட்டிக்கொண்டு வர முடியாத ஆள்

மூன்றாவது பங்குதாரரை எப்போது கூட்டிக்கொண்டு வருவீர்கள் என்று நான் கேட்டதும், எதிரே உட்கார்ந்திருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் மின்விசிறியைப் பார்த்தார்கள். சரிதான், இந்தக் கேசில் வில்லங்கம் இருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டுவிட்டது.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நான் மலாக்கா டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் ஸ்டெனோ. வந்தவர்கள் காஜா பெராங் பக்கம் தேங்காயெண்ணெய் மில் வைத்திருந்த சொக்கலிங்கமும் அவருடைய கூட்டாளி கருப்பையாவும். கருப்பையா ஊருக்குக் கப்பல் ஏறுவதென்று முடிவு செய்துவிட்டார். மில்லைத் தனியாக நடத்தச் சொக்கலிங்கத்துக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் கம்பெனியை மூடிவிடலாம் என்று எங்களிடம் வந்தார்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்பெனியை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்று நம் ஆட்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அது வேறு, இது வேறு. எல்லாக் கடனையும் அடைத்துவிட்டு, மில்லையும் மெஷினையும் விற்று, மிச்சத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, தலை நிமிர்ந்து வெளியே வருவதற்குப் பெயர் லிக்விடேஷன். அதைச் செய்து முடிக்கிறவர் லிக்விடேட்டர். அந்தக் கம்பெனிக்கு என் முதலாளி மிஸ்டர் நாயக்கரே லிக்விடேட்டராக இருக்க ஒப்புக்கொண்டிருந்தார்.

நாயக்கர் காஜா பெராங் சிட்டி, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வம்சம். பெயர் நாயக்கர், நெற்றியில் விபூதி, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில். ஆனால் தமிழ் மட்டும் வராது. வீட்டில் அவர்கள் பேசுவது சிட்டிகளின் மலாய். அதில் நம் சொற்கள் அங்கங்கே தலைகாட்டும், அவ்வளவுதான். கோர்ட்டில் இங்கிலீஷ். தமிழ் கிளையண்ட் வந்தால் நான்தான் அவருக்கு வாயும் காதும். பாதிச் சம்பளம் டைப் அடிக்க, பாதிச் சம்பளம் பேச என்று தோழிகளிடம் பெருமையடித்துக்கொள்வேன்.

சொக்கலிங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. நாயக்கரை வைத்துக்கொண்டே கருப்பையாவிடம், "தமிழே தெரியாத ஆளுகிட்டயா கம்பெனியை ஒப்படைக்கிறது?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவருக்குத் தெரியாதுண்ணே, எனக்கு நல்லாவே தெரியும்" என்றேன். 

பங்குதாரர் எல்லாருக்கும் முறைப்படி நோட்டீஸ் போக வேண்டும், பங்கை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அதனால்தான் நான் மூன்றாவது ஆளைக் கேட்டேன். பங்குதாரர் பட்டியலில் பெயர் விநாயகம் என்று இருந்தது. தொழில், மில் மேற்பார்வை. முகவரி, மில்லேதான்.

"அவரு வர முடியாதும்மா" என்றார் சொக்கலிங்கம்.

ஊருக்குப் போய்விட்டாரா என்று கேட்டேன். இல்லை, மில்லில்தான் இருக்கிறார் என்றார். உடம்பு சரியில்லையா என்றேன். அதற்கும் இல்லை. பிறகு மெதுவாக, கைகளைக் கூப்பாத குறையாகச் சொன்னார்: "தங்கச்சி, அவரு நம்ம மில்லுப் பிள்ளையாரு."

நான் இதை மலாயில் நாயக்கருக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டது மட்டும் ஞாபகமிருக்கிறது. நாயக்கர் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு, முழுக்கதையையும் சொல்லச் சொன்னார்.

கதை ஒன்றும் பெரிதில்லை. கூட்டு வியாபாரம் தொடங்கும்போது சாமிக்கு ஒரு பங்கு எடுத்து வைப்பது நம்மவர்களின் பழக்கம். சாமியும் கூட்டாளி என்றால் மற்ற இருவரும் ஏமாற்றத் துணியமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. வெறும் கூட்டுக்கடையாக இருந்தவரை அதில் தொல்லை இல்லை. கம்பெனியாகப் பதிவு செய்தபோது விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்த ஆள் மூன்றாவது கூட்டாளியின் பெயரைக் கேட்டிருக்கிறார். இவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். மில்லைப் பார்த்துக்கொள்கிறார் என்றிருக்கிறார்கள். அவர் எழுதிவிட்டார். அதன்பிறகு வருஷா வருஷம் அதே பட்டியலை உண்மை என்று சொல்லி, டைரக்டர் என்ற முறையில் சொக்கலிங்கம் கையெழுத்துப் போட்டு ரெஜிஸ்திராருக்கு அனுப்பிவந்திருக்கிறார். விநாயகத்துக்கும் சேர்த்து அவரே கையெழுத்து!

2. கீழே வைத்த பேனா

நாயக்கர் ஒளித்துப் பேசத் தெரியாதவர். அப்படியே சொன்னார்: பொய்ப் பட்டியல் கொடுத்தது குற்றம், இன்னொருவர் பெயரில் கையெழுத்துப் போட்டது அதைவிடக் குற்றம், யாராவது புகார் செய்தால் சொக்கலிங்கம் ஜெயிலுக்குப் போகவும் நேரலாம். நான் இதைத் தமிழில் சொன்னேன். சொக்கலிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கருப்பையா ஒரு வழி சொன்னார். "செத்துட்டாருன்னு எழுதிடுங்க லா. அப்புறம் யாரு தேடப் போறா?"

சொக்கலிங்கம் எழுந்து நின்றுவிட்டார்.  இன்னொரு தடவை அந்த வார்த்தை உன் வாயில் வந்தால் என்று ஆரம்பித்தவர், நான் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கருப்பையாவுக்கும் சூடு ஏறிவிட்டது. கப்பல் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, ஊரில் மனைவி படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், இழுத்தடித்தால் நானே ரெஜிஸ்திராருக்கு எழுதிப் போட்டுவிடுவேன் என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. வருஷக்கணக்காக மனைவி முகத்தைப் பார்க்காத மனுஷன்.

நாயக்கர் இருவரையும் உட்காரவைத்து, எனக்கு ஒரு அஃபிடவிட் டிக்டேட் செய்தார். எந்த வக்கீலும் எழுதக்கூடியதுதான்: மேற்படி விநாயகம் என்று ஓர் ஆள் கிடையாது, அந்தப் பெயர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டது. சட்டப்படி அதோடு பாதித் தொல்லை தீர்ந்துவிடும். டைப் அடித்து, சொக்கலிங்கத்துக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். பேனாவைக் கையில் வாங்கியவர், நான் முடித்ததும் அதைக் கீழே வைத்துவிட்டார்.

"கிடையாதுன்னு எழுதியிருக்கா? சத்தியம் பண்ணி அவரு இல்லன்னு சொல்லச் சொல்றீங்களா? நான் ஜெயிலுக்கே போறேம்மா."

என்ன சொல்கிறார் என்று நாயக்கர் கேட்டார். சொன்னேன்.  அவர் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி, தானே கிழித்துக் கூடையில் போட்டார். அப்படி எழுதியது தன் பிழை என்று சொக்கலிங்கத்திடம் சொல்லச் சொன்னார். எத்தனையோ வக்கீல்களிடம் பிறகு வேலை பார்த்திருக்கிறேன். கிளையண்டிடம் பிழை என்று சொன்ன வக்கீலை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை.

3. நாயக்கர் நேரே போய்ப் பார்த்தார்

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு மில்லுக்குப் போனார். கொப்பரை காயும் களத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மாடத்தில் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் மில் பிள்ளையாருக்கு எண்ணெய்க்கு என்ன பஞ்சம்? கறுகறுவென்று மின்னினார். நாயக்கர் காலிலிருந்த சப்பாத்தைத் தூரத்திலேயே கழற்றிவிட்டுப் போய்க் கும்பிட்டார். கேஸ் விஷயமாக வந்தவர் மாதிரியே இல்லை.

பிறகு மில் ஆட்களிடம் ஒவ்வொருவராகப் பேசினார். சாமி பங்குக்கு வரும் லாபம் எங்கே போகிறது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. சொக்கலிங்கம் தன் மடியில் கட்டிக்கொண்டிருந்தால் அது மோசடி. அங்கே லாரி ஓட்டிய பாக் டின் என்ற மலாய்க்காரர் முந்திக்கொண்டு பதில் சொன்னார். சதுர்த்தியன்று மில் ஆட்கள், லாரிக்காரர்கள், தேங்காய் கொண்டுவரும் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, மனுஷர்கள் எல்லாருக்கும் அங்கே சாப்பாடு. ஆட்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்தும் அந்தப் பணத்தில்தான். "துவான், இது தவுக்கே பணம் இல்லை, அவர் பணம்" என்று மாடத்தின் பக்கம் கையைக் காட்டினார். துவான் என்றால் ஐயா, தவுக்கே என்றால் முதலாளி.

திரும்பும்போது நாயக்கர் சொக்கலிங்கத்தையும் கூட்டிக்கொண்டார். ஆபீசுக்கு வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார். அன்று மத்தியானம் முழுக்க ஒரே ஒரு விஷயத்துக்காக உட்கார்ந்தோம். அவர் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்வார், நான் தமிழில் சொல்வேன், சொக்கலிங்கம் தலையை ஆட்டுவார் அல்லது ஆட்டமாட்டார். ஆட்டாவிட்டால் அது குப்பைக்குப் போகும். எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது, பசி வேறு. நாயக்கருக்கு வரவில்லை. இவர் வாயில் எந்தச் சொல் நடுங்காமல் நிற்குமோ அதைத்தான் தேடுகிறேன் என்றார்.

4. கோர்ட்டில்

ரெஜிஸ்தரை, அதாவது பங்குதாரர் பட்டியலை, திருத்தித் தரும்படி கோர்ட்டில் மனு போட்டோம். நடந்ததை ஒளிக்காமல் நாமே போய்ச் சொல்லிவிடுவது நல்லது, கருப்பையா எழுதிப்போடும் முன்னால் அதைச் செய்துவிட வேண்டும் என்பது நாயக்கரின் கணக்கு. ஆனால் ஜட்ஜ் நம்பாவிட்டால் சொக்கலிங்கம் தன் வாயாலேயே மாட்டிக்கொள்வார். அதையும் அவருக்கு முன்னாடியே சொல்லியிருந்தார்.

ஜட்ஜ் ஒரு வெள்ளைக்காரர். விநாயகம் என்று ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று நேராகவே கேட்டுவிட்டார். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.  சொக்கலிங்கம் நாயக்கரைப் பார்த்தார். நாயக்கர் நிதானமாகத் தலையசைத்தார்.

"ஐயா, அந்தப் பங்கு சாமியோடது. கையெழுத்துப் போட்ட கை என்னோடது. அவருக்காக நான் வச்சிருந்தேன். அதுல ஒரு காசு நான் தின்னது இல்லீங்க."

அன்று மத்தியானம் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்தது இதைத்தான். இதில் பொய் இல்லை, சாமி இல்லை என்ற சொல்லும் இல்லை. பிறகு பாக் டின் சாட்சி சொன்னார். ஜட்ஜுக்கு மலாய் தெரியும், அதனால் அவரிடம் நேரடியாகவே விசாரித்தார். நீ முஸ்லிம் ஆயிற்றே, அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டாயா என்று கேட்டார். சைவச் சாப்பாடுதானே துவான், நானே இலை போட்டிருக்கிறேன் என்றார் பாக் டின். ஜட்ஜ் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

கடைசியில் கருப்பையாவைக் கூப்பிட்டார். மூன்றாவது பங்குதாரர் என்று ஒருவர் இல்லாவிட்டால் அந்தப் பங்கில் பாதி உனக்கு வரும், கேட்கிறாயா என்றார். செத்துவிட்டார் என்று எழுதச் சொன்ன அந்த மனுஷன் கூண்டில் நின்று சொக்கலிங்கத்தைப் பார்த்தார். "வேணாங்க. அது அவரு பங்கு" என்றார். பயமோ, பழகிய பாசமோ, எனக்குத் தெரியாது. நான் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மோசடி எண்ணம் இல்லை, அந்தப் பங்கைச் சாமிக்காகச் சொக்கலிங்கம் வைத்திருந்தார் என்று ஏற்றுக்கொண்டு, ரெஜிஸ்தரைத் திருத்த உத்தரவு கொடுத்தார் ஜட்ஜ். கோர்ட்டுக்கு வெளியே வந்த சொக்கலிங்கம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.  நாயக்கர் கறுப்புக் கோட்டோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. என்னையும் யாரும் கூப்பிடவில்லை. 

5. இரண்டு கையெழுத்து

கம்பெனியின் கடைசிக் கூட்டத்தை நாயக்கர் எங்கள் ஆபீசில் வைக்கவில்லை. மில்லில், அந்த மாடத்துக்கு எதிரே வைத்தார். பங்குதாரர் இருக்கும் இடத்தில் கூட்டம் போடுவதில் சட்டப்படி தடை ஏதும் இல்லையே என்றார். மெஷினெல்லாம் விற்றுப்போய்க் களம் வெறிச்சென்று கிடந்தது. பிள்ளையாருக்குக் காஜா பெராங்கில் தங்கள் சிட்டிகளின் கோயிலொன்றில் இடம் கேட்டு வாங்கியிருந்தார். அவர் பங்கும் சதுர்த்திச் சாப்பாட்டுக்கென்று அங்கேயே போவதாக ஏற்பாடு. இந்த வேலைக்கெல்லாம் பில் கிடையாது. நான் கேட்டதற்கு, "தா' ஆப்பா, மிஸ் கமலம்" என்றார். பரவாயில்லை, விடு என்று அர்த்தம்.

கணக்கைப் படித்தார், நான் தமிழில் சொன்னேன். கருப்பையா கையெழுத்துப் போட்டு நகர்ந்தார். சொக்கலிங்கம் தன் பங்குக்குப் போட்டார். அடுத்து சாமி பங்குக்குப் போட வேண்டும். பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டார்! மறுபடியும் என்ன வம்பு என்று எனக்குத் திக்கென்றது. பார்த்தால், மில் குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டிருக்கிறார். முழங்கை வரைக்கும் நிதானமாகக் கழுவினார், துண்டில் துடைத்தார், மாடத்திலிருந்து விபூதி எடுத்துப் பூசிக்கொண்டார். கருப்பையா நேரமாகிறது என்று வாயெடுத்தார். நாயக்கர் ஒரு விரலை உயர்த்தியதும் அடங்கினார். சொக்கலிங்கம் வரும்வரை எழுந்து நின்று, பேனாவின் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார் நாயக்கர்.

சொக்கலிங்கம் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை விநாயகம் என்று போடவில்லை. சாமிக்காக, சொக்கலிங்கம் என்று போட்டார். பிறகு என்னிடம், "தங்கச்சி, உங்க தவுக்கேகிட்ட சொல்லு. தமிழ் தெரியாதவர்னு அன்னைக்குச் சொன்னேன். நான் சொல்ல முடியாம தவிச்சதை அவருதான் சொல்லிக் குடுத்தாரு" என்றார்.

என் சர்வீசில் மலாயில் சொல்லும்போது என் குரல் உடைந்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு எத்தனையோ கம்பெனிகளை மூட டைப் அடித்திருக்கிறேன். வக்கீலிடம் வருகிற மனுஷன் தப்பிக்க வழி கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டுதான் நான் இந்த வேலைக்கு வந்தேன். பயமில்லாமல், வெட்கமில்லாமல் தன் பெயரைப் போட ஓர் இடம் வேண்டும் என்றுதான் அவன் வருகிறான். அந்த இடத்தைத் தேடிக் கொடுக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆனாலும் உட்காருங்கள். பசித்தால் பசிக்கட்டும்.