தைவான் மேடத்துக்கு வைத்த பூ

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மத்தூர் பக்கம் உள்ள ஒரு ஷூ கம்பெனியில் நடந்தது இது. நான் அங்கே அட்மின் வேலை பார்க்கிறேன். முதலாளிகள் தைவான்காரர்கள். அங்கிருந்து வந்து வேலை செய்பவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுப்பது, அவர்கள் சாப்பிடும் காய்கறியை ஓசூரிலிருந்து வரவழைப்பது, ஏர்போர்ட்டுக்கு வண்டி அனுப்புவது, விசேஷம் என்றால் ஹாலை ஜோடிப்பது எல்லாம் என் தலையில்தான். ஜோடிக்கிற விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. என்னைக் கேட்காமல் யாரும் ஒரு பலூன்கூடக் கட்டிவிட முடியாது.

தையல் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தைவான் அம்மா. ஐம்பதை நெருங்கும் வயது. எல்லோருக்கும் அவர் 'மேடம்'தான். வேலையில் கறார். ஒரு தையல் கோணினாலும் போதும், மேஜையில் போட்டு விரலால் தட்டிக்கொண்டே நிற்பார். டீ இடைவேளையில் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். ஊரில் இருக்கும் தன் அக்காவை வீடியோ காலில் கூப்பிட்டு, போனைத் திருப்பித் திருப்பி எங்கள் பெண்களைக் காட்டுவார். "சாப்டீங்களா அக்கா?" என்று ஒருத்தி கத்துவாள். அந்த அக்காவுக்கு என்ன புரியுமோ, பலமாகத் தலையை ஆட்டிச் சிரிப்பார். இவர்கள் வளையலைக் காட்டுவார்கள், அவர் தன் வீட்டுப் பூனையைத் தூக்கிக் காட்டுவார். மேடம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவருக்கு வீடு என்றால் அந்த அக்காதான்.

அப்படி இருக்கும்போது அவர்கள் நாட்டில் பூகம்பம் வந்தது. அக்கா குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் சரிந்துவிட்டது. வெளியே போயிருந்த அக்கா வீட்டுக்காரர் தப்பித்தார். அக்காவைக் காணவில்லை. மேடம் அன்றே கிளம்பப் பார்த்தார். அக்கா வீட்டுக்காரர்தான் தடுத்துவிட்டார். மலைச்சாலை அடைபட்டுக் கிடக்கிறது, வந்தாலும் ஊருக்குள் நுழைய முடியாது, தேடிக்கொண்டிருக்கிறார்கள், தகவல் தெரிந்ததும் சொல்கிறேன் என்றார். மேடம் வழக்கம்போல வேலைக்கு வந்தார். லைனில் நடப்பார், போனைப் பார்ப்பார், மறுபடியும் நடப்பார். கோணல் தையல் எதுவும் அவர் கண்ணில் படவே இல்லை. அதைப் பார்க்கத்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

இதற்கிடையில் தமிழ்நாட்டில் வேலை செய்யும் தைவான்காரர்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து ஊருக்கு உதவி அனுப்பினார்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்களும் அப்படியே செய்திருக்கிறார்கள். வெளிநாட்டில் வாழும் அந்த மக்களுக்கு நன்றி சொல்லி, அவர்கள் நாட்டுத் தலைவர் வீடியோவில் பேசியிருந்தார். அதை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம் என்று தைவான்காரரான எங்கள் ஜி.எம். முடிவு செய்தார். சனிக்கிழமை மதியம் டிரெய்னிங் ஹாலைத் தயாராக வையுங்கள், ஓசூர்க் கம்பெனிகளில் இருக்கும் தைவான்காரர்களும் வருவார்கள், எளிமையாக இருக்கட்டும் என்று என்னிடம் சொன்னார். எளிமை என்றால் நமக்கு எங்கே புரிகிறது?

தையல் லைனில் ஒரு பெண் இருந்தாள். சொந்தமாகச் சாமந்தித் தோட்டம் உள்ள குடும்பம். அவளை எல்லோரும் தோட்டத்துக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். விஷயம் தெரிந்ததும், எல்லோரும் கூடுகிற இடத்தில் மேடத்தின் அக்காவுக்காகவும் வேண்டிக்கொள்ளலாம் என்று என்னிடம் வந்தாள்.

"பூவில்லாம ஒரு வேண்டுதலாங்க? எங்க தோட்டத்துல வெள்ளச் சாமந்தி பூத்துக் கெடக்குது. வியாபாரிக்குப் போடாம நாளைக்கு அத்தனையும் பறிச்சாந்து தர்றேன். அந்தக்கா உசுரோட வரட்டும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாள் கம்பெனி பஸ்ஸில் மூட்டை மூட்டையாகப் பூ வந்து இறங்கியது. ஈரம் காயாத பூ. சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டுச் சரம் தொடுத்தார்கள். தொடுக்கும்போதே சில பேர் வாய்க்குள் சாமி பெயரை முணுமுணுத்தார்கள். வாசலில் இரண்டு பக்கமும் சரம். திரைக்குக் கீழே மேடை நீளத்துக்கு வெள்ளைப் பூவைக் கொட்டிச் சரிவாகப் பரப்பி, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் வைக்கச் சொன்னேன். அது என் யோசனை. தூரத்தில் நின்று பார்த்தேன். கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

ஓசூரிலிருந்து விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். வந்த ஒவ்வொருவரும் வாசலில் ஒரு நிமிஷம் நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நம் ஏற்பாட்டைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் ஜி.எம்.மும் மேடமும் வந்தார்கள். மேடம் மேடையைப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்தார். திரும்பி ஜி.எம்.மிடம் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். ஜி.எம். பதறிப்போய் இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். அதற்குள் மேடம் கதவு நிலையைப் பிடித்தபடியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைப் புரிந்துகொள்ள மொழி தேவையில்லை. எங்கள் ஊர் எழவு வீடுகளில் கேட்கிற அதே சத்தம்தான்.

எங்கள் மொழிபெயர்ப்பாளர் சேலத்துக்காரர். தைவானில் தங்கிப் படித்தவர். என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"யாருங்க இந்தப் பூவ வச்சது? வெள்ளச் சாமந்தி அவங்க ஊர்ல சாவுக்கு வைக்கிறதுங்க. ஆயுத பூஜைக்கு நாம மெஷினுக்கு மஞ்சப் பூ போட்டா, சரி, இவங்க வழக்கம்னு விட்ருவாங்க. இப்புடி வெள்ளையா மேடை பூரா கொட்டி வச்சிருந்தா? அக்கா எறந்துட்டாங்க, எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, நமக்கு மட்டும் இப்பத்தான் சொல்றாங்கன்னு மேடம் நெனச்சுட்டாங்க."

உயிரோடு வர வேண்டும் என்று வேண்டி வைத்த பூவைக் காட்டி, செத்துவிட்டார் என்று ஒரு தங்கையிடம் சொல்லியிருக்கிறோம். பின்னால் நின்ற தோட்டத்துக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அய்யோ, நான் என்ன பண்ணிட்டேன்!" என்று கத்திக்கொண்டே மேடைக்கு ஓடினாள். பூவை இரண்டு கையாலும் வாரி வாரி மூட்டையில் திணித்தாள். மற்ற பெண்களும் ஓடிப்போய் வாசலில் இருந்த சரங்களை அறுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஹால் மொட்டையாகிவிட்டது.

அக்காவைப் பற்றி இன்னும் எந்தத் தகவலும் வரவில்லை என்று ஜி.எம். திரும்பத் திரும்பச் சொன்னார். வெந்நீர் கொடுத்து மேடத்தை எழுப்பி உட்கார வைத்தோம். வீட்டுக்குப் போகலாம் என்றதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வீடியோவைப் போடச் சொன்னார்.

திரையில் அந்த நாட்டுத் தலைவர் நிதானமாகப் பேசினார். எனக்குப் பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தூரத்தில் இருந்தாலும் சொந்த மண்ணை மறக்காமல் கை கொடுத்தீர்கள், நாடு உங்களுக்கு நன்றி சொல்கிறது என்பதுதான் சாராம்சம். நன்றி என்ற இடத்தில் தலைவர் தலை குனிந்தார். ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து குனிந்தார்கள். மேடம் எழுந்திருக்கவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த ஜி.எம்.மிடம் என்னவோ சொன்னார். என்னவென்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். "நான் அங்கே இருந்து கல்லை அள்ளிப்போட்டிருக்க வேண்டும். இங்கே ஏசியில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எதற்கு நன்றி?" என்று சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை தகவல் வந்தது. இடிபாடுகளிலிருந்து அக்காவை எடுத்துவிட்டார்கள். உயிர் இல்லை.

சாலையும் சரியாகிவிட்டதால் செவ்வாய்க்கிழமை இரவு பெங்களூரிலிருந்து விமானத்துக்கு ஏற்பாடு செய்தேன். அதற்குள் இன்னொரு பிரச்சினை. திங்கட்கிழமையிலிருந்து தோட்டத்துக்காரி வேலைக்கு வரவில்லை. அவள் ஊரிலிருந்து வரும் பெண்ணைப் பிடித்து விசாரித்தேன்.

"அவ சோறே திங்கறதில்லைங்க. 'என் கையால எழவுப் பூவ மொதல்லயே கொண்டுபோயி வச்சேன், அதான் அந்தக்கா போயிட்டாங்க'ன்னு பொலம்பிக்கிட்டே கெடக்கறா. இனிமே கம்பெனிப் பக்கமே வர மாட்டேங்கறா."

மொழிபெயர்ப்பாளர் இதை மேடத்திடம் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரிந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். இருக்கிற துக்கம் போதாதா அவருக்கு? செவ்வாய்க்கிழமை மதியம், பெட்டியெல்லாம் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. மேடம் என் கையைப் பிடித்தார். "பூ வீடு. போ" என்றார். பெங்களூர் ரோட்டுக்கு நேர் எதிர்த் திசையில் போகச் சொல்கிறார். டிரைவர் என்னைப் பார்த்தார். போகலாம் என்றேன்.

தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. தோட்டத்துக்காரியின் மாமியார் வெளியே வந்து எங்களைப் பார்த்ததும், உள்ளே திரும்பி, அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் மருமகளை அதட்டினார். அவள் வெளியே வரவில்லை. "சொன்னா கேக்க மாட்டேங்கறாம்மா. நீங்களே உள்ள போய்ப் பாருங்க" என்றார் என்னிடம். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் லைனில் வேலை வாங்கும் தமிழ்தான். வா, போ, எடு, சீக்கிரம், பிரி, மறுபடி தை. நான் உதவிக்கு வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

சுவரோரம் சுருண்டிருந்தவள் மேடத்தைப் பார்த்ததும் எழுந்து காலில் விழப் போனாள். "நான் பாவி மேடம். நான்தான் அந்தப் பூவக் கொண்டாந்தேன்" என்று அழுதாள். மேடம் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"பூ எடு" என்றார். "அக்காக்கு. நீ எடு. வா."

அவளுக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. "அக்காவுக்கு வைக்க உன் கையாலயே பூ கேக்கறாங்க" என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். மேடமும் கூடவே இறங்கினார். சனிக்கிழமைக்குப் பிறகு புதிதாகப் பூத்திருந்த வெள்ளைச் சாமந்தியை இரண்டு பேரும் பறித்தார்கள். மேடத்துக்குக் காம்பைக் கிள்ளத் தெரியவில்லை. செடி மொத்தமும் ஆடியது. தோட்டத்துக்காரி அவர் விரலைப் பிடித்துக் கிள்ளிக் காட்டினாள்.

வரப்பில் ஒரு பலகையைப் போட்டு, மேடம் தன் போனில் அக்காவின் படத்தை எடுத்து நிறுத்தினார். பூனையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிற படம். அதற்கு முன்னால் பூவை வைத்தார்கள். மாமியார் விளக்கேற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கும்பிட்டார். மேடம் அவர்கள் வழக்கப்படி மூன்று தடவை குனிந்தார். நாங்களும் குனிந்தோம்.

பிறகு மேடம் தோட்டத்துக்காரியின் பக்கம் திரும்பினார். டிரெய்னிங் ஹாலில் எல்லோரும் எழுந்து குனிந்தபோது எழுந்திருக்காத அந்த அம்மா, இடுப்பு வரைக்கும் குனிந்து, "நன்றி" என்றார். அந்த ஒரு வார்த்தையை மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டுப் பழகிக்கொண்டு வந்திருக்க வேண்டும். தோட்டத்துக்காரி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். இது முந்தின அழுகை மாதிரி இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கு வித்தியாசம் தெரிந்தது. மறுநாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். ஊருக்குப் போன மேடம் அங்கேயே தங்கிவிட்டார். அக்கா வீட்டுக்காரரையும் அந்தப் பூனையையும் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்வி.

நம் பக்கத்தில் வீட்டு மனிதர்களுக்குள் நன்றி சொல்கிற பழக்கம் கிடையாது. சொன்னால், என்னை அந்நியமாக்குகிறாயா என்று கோபம்கூட வரும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அந்த வரப்பில் நின்றபோதுதான் வேறு மாதிரி பட்டது. அந்தத் தலைவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து தன் மக்களுக்குச் சொன்னதும், மேடம் தோட்டத்துக்காரிக்குச் சொன்னதும் ஒரே விஷயம்தான். உன்னால் முடிந்ததைச் செய்தாய், இனி உன்னை நீயே தண்டித்துக்கொள்ளாதே என்பதுதான் அது.

எங்கள் ஹாஸ்டலில் அஞ்செட்டி மலைக் கிராமங்களிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெண்கள் நிறைய. ஊரில் ஒரு சாவு என்றால் சில சமயம் பஸ் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கடைசியாக முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று அழுவார்கள். முன்பெல்லாம் விதி என்று ஏதாவது சொல்லி லீவு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இப்போது எழுந்து நின்று, "நீ இங்க ஒழைச்சுத்தான் அங்க உங்க வீடு நிக்குது. உங்க வீட்ல யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, அவங்களுக்கும் சேத்து நான் சொல்றேன், ரொம்ப நன்றிம்மா" என்கிறேன்; அதைக் கேட்டதும் அந்தப் பெண்கள் நிமிர்ந்து என்னைப் பார்க்கிற பார்வையில், இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை பேர் எங்கெங்கோ காத்துக்கொண்டிருக்கிறார்களோ என்று ஒவ்வொரு தடவையும் மனசு கனத்துப்போகிறது.