ஞான உறவுக்கு எழுதிய விதி

லியோக்காதியாவைப் பற்றி எங்கள் தேர்தல் வாரியத்தில் யாரைக் கேட்டாலும் நேர்மையான பெண்மணி என்பார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். அந்த நேர்மையால்தான் காரியம் கெட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

மாகாண வாரியத்தின் விதிக்குழுவில் அவள் உறுப்பினர், நான் தட்டச்சர். கழிமுகத்தில் இருக்கும் போக்கா ஓண்டா அவள் பிறந்த ஊர். ஒரு தேர்தலில் அங்கே வேட்பாளரின் தம்பியே வாக்குச்சாவடித் தலைவராக உட்கார்ந்தார். ஓட்டுப் போட்டவர்களைவிடப் பெட்டியில் சீட்டு அதிகமாக இருந்தது. அந்த அவமானம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. வேட்பாளரின் உறவினர் சாவடியில் உட்காரக் கூடாது என்று விதி எழுதினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கூடப் பொறந்தவனை எதுத்துப் பேசிருவான். கொம்பாத்ரேயை எதுத்து எவனாவது பேசுவானா?" என்று கேட்டு, ஞானஸ்நான உறவையும் சேர்த்தாள். பிள்ளையைப் பெற்றவனுக்கு அதன் ஞானத்தகப்பன் கொம்பாத்ரே. பிள்ளையைப் பெற்றவளும் அதற்கு ஞானத்தாயாக நின்றவளும் சாகும்வரை ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை, கொமாத்ரே என்றுதான் அழைப்பார்கள். அவ்வளவு கெட்டியான உறவு. குழு மறுபேச்சில்லாமல் ஏற்றது. நானும் பிழையில்லாமல் தட்டச்சு செய்து கொடுத்தேன்.

அடுத்த தேர்தலில் ஊர்த் தலைமைக்கு இருவர் நின்றார்கள். ஒருவர் படகுக்காரர் எலாதியோ. இன்னொருத்தி மருத்துவச்சி ஹசிந்தா. பிரசவ வலியோடு படகில் போகும் வழியிலேயே செத்த பெண்களைப் பார்த்தவள் அவள். ஊருக்கு ஆஸ்பத்திரி கொண்டுவரத்தான் நின்றாள். பாதி ஊருக்கு எலாதியோ ஞானத்தகப்பன், மீதி ஊருக்கு ஹசிந்தா ஞானத்தாய். லியோக்காதியாவின் மகளுக்கும் அவள்தான். இருவருக்கும் உறவில்லாதவர் பாதிரியார் மட்டுமே. அவருக்கும் ஓட்டு வேறு ஊரில், அன்றைக்கு அங்கே போய்விடுவார்.

சாவடியில் உட்கார உள்ளூரில் ஆளில்லை. நகரத்திலிருந்து ஆசிரியர்களைப் படகில் அனுப்பினோம். கடலோரத்தில் பிறந்தவள் எழுதிய விதியில் கடல் வற்றும் நேரம் இல்லை. படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற சிப்பி பொறுக்கும் பெண்கள், தண்ணீர் வற்றியதும் அலையாத்திக் காட்டுக்குப் போனார்கள். போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. படகு இரண்டு மணிக்கு மேல் வந்தது. ஐந்து மணிக்குப் பெட்டியை மூடிவிட்டார்கள். சிப்பியை விற்றுவிட்டு அவர்கள் திரும்பியது அதன் பிறகு. எழுபதுக்கும் அதிகமான பெண்களால் ஓட்டுப் போட முடியவில்லை, பெரும்பாலும் ஹசிந்தா பிரசவம் பார்த்தவர்கள். ஹசிந்தா பதினோரு ஓட்டில் தோற்றாள்.

மறுவாக்குப்பதிவு கேட்டு அவள் மனுக் கொடுத்தாள். மோசடி நடந்தால்தான் மறுவாக்குப்பதிவு என்பது விதி. இருந்தும் குழுவில் சிலர் தயங்கி, லியோக்காதியாவின் முகத்தைப் பார்த்தார்கள். கொமாத்ரேவுக்காக வளைந்துகொடுத்தாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. மனுவைத் தள்ளச் சொல்லி முதலில் கை தூக்கியவள் அவள்தான். அவள் எழுதிய விதியின் நியாயப்படி அன்று அவள் அந்த அறையிலேயே இருந்திருக்கக் கூடாது. அதை யாரும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது, நானும் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை உறுத்துகிறது.

ஹசிந்தா அந்த உத்தரவோடு அலுவலகத்துக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"திருட்டு நடக்கலன்னு எழுதியிருக்கீங்க, கொமாத்ரே. சரிதான். ஓட்டும் நடக்கலையே."

லியோக்காதியா அந்த உத்தரவை வாங்கி, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள்.

பிறகு அவள் விதியைத் திருத்தினாள். உறவினரை விலக்க வேண்டாம், இரு தரப்பாரையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார வைத்தால் போதும், ஒருவரையொருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள் என்றாள். நல்ல விதி. ஆனால் அதற்குள் நான்கு வருஷம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரி வரவில்லை. படகில் இன்னும் இரண்டு பெண்கள் செத்தார்கள்.

அடுத்த தேர்தலைப் பார்வையிட லியோக்காதியாவும் நானும் போனோம். ஏழு மணிக்கே சாவடி திறந்தது. எலாதியோவின் மருமகனும் ஹசிந்தாவின் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டையும் இருமுறை பார்த்தார்கள். ஹசிந்தா இந்த முறை நிற்கவில்லை, அவள் தரப்பில் வேறொருவர் நின்றார். வரிசையில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டு எங்களைக் கடந்து போனாள்.

லியோக்காதியா எழுந்து, "கொமாத்ரே" என்றாள்.

ஹசிந்தா நின்றாள். முகத்தில் கோபமில்லை, மரியாதைதான் இருந்தது.

"எல்லாம் ஒழுங்கா நடக்குதுங்க, லியோக்காதியா அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.