அன்றைக்கு வான் ஓடினது ஆர்?

எங்கள் கோயில் பங்கில் பெரிய வியாழனுக்கு, இயேசு சீடர்களுக்குக் கழுவின நினைவாகப் பாதம் கழுவப் பன்னிரண்டு பேரைத் தெரிவுசெய்வது ஒரு தேர்தல் மாதிரி. பங்குச்சபைக்காரர் வீடு வீடாக வந்து ஆளைச் சொல்லிவிட்டுப் போவார்கள். தெரிவானவர் அன்றைக்குத் தலைமுழுகி, புது வேட்டி கட்டி, குதிக்கால் வெடிப்பைத் தேங்காய்ப் பொச்சால் உரஞ்சி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, பவுடரும் பூசிக்கொண்டு வந்து பீடத்துக்கு முன்னால் வாங்குப் பலகையில் குந்துவார். அந்தக் கழுவின காலைத்தான் பங்குத்தந்தையான சுவாமியார் கழுவுவார். சின்ன வயதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. இப்போது சிரிப்பு வருவதில்லை.

போன வருடம் என் தம்பியைத் தெரிவுசெய்தார்கள்.

தம்பி பங்கின் வான் வண்டிக்குச் சாரதியாக இருந்தவன். மூன்று வருடங்களுக்கு முன்னால் வாகரையில் ஒரு திருநாள் பூசைக்குப் போய்த் திரும்பும்போது, "இஞ்ச கொண்டா, நான் கொஞ்சம் ஓடிப் பாக்குறன்" என்று பங்குத்தந்தை ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். வாவிக்குப் போய்விட்டுச் சைக்கிளில் வலையோடு வந்த மனிதரை அடித்துவிட்டார். எங்கள் பங்கு ஆள்தான். அந்த இடத்திலேயே சீவன் போய்விட்டது. பொலிஸ் வருவதற்குள், மறைமாவட்ட மேலிடத்தில் இருக்கும் பெரிய ஃபாதருக்குப் போன் போய்விட்டது. அவர் போனிலேயே தம்பியிடம் பேசினார்.

"மனே, ஃபாதர்ர பேர் வெளிய வந்தா திருச்சபைக்கே அவமானம். நீதானே ட்ரைவர். நீ ஓடினதா சொன்னா அது வெறும் எக்சிடென்ட். மிச்சத்த நாங்க பாப்பம்."

தம்பி ஓம் என்றுவிட்டான். ஒரு சதமும் வாங்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு இருக்கிற வியாதி அது. அபிஷேகம் பண்ணின ஆள் வாய் திறந்து கேட்டால் இல்லை என்று சொல்வது பாவம் என்று நினைப்பார்கள். "சுவாமிட பழிய நீ தூக்கினா உனக்கு மோட்சம் மனே" என்று அம்மாவே சொன்னா. பெற்ற தாய்!

நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். லைசன்ஸ் போனது, வேலையும் போனது. மிச்சத்தைப் பார்ப்போம் என்றவர்கள் எட்டியும் பார்க்கவில்லை. இரவல் தோணியில் இறாலுக்குப் போகத் தொடங்கினான். அதெல்லாம் தொலையட்டும். செத்தவருடைய மனைவி சந்தையில் கருவாடு விற்கிறவ. தம்பியைக் கண்டால் காறித் துப்புவா. அவன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிப் போவான்.

"அக்கா, எனக்கு லைசன்சும் வேணாம், வேலையும் வேணாம். அந்த அக்காக்கு உண்மை தெரியணும். நான் போய்ச் சொன்னா நம்புவாவா? ஃபாதர்தான் சொல்லணும்" என்பான்.

மெல்ல மெல்லப் பங்குக்குள் கதை கசிந்தது. தம்பியைக் காப்பாற்றக் கட்டின கதை என்று அந்த அக்கா மட்டும் அதை நம்பவில்லை. நாங்கள் ஒரு பத்துப் பேர் சேர்ந்து, விசாரணை வைக்கச் சொல்லிக் கேட்க மேலிடத்துக்குப் போனோம். பெரிய ஃபாதர் எங்களை நெடுநேரம் காக்கவைத்துவிட்டு வந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "விசாரணை கிசாரணை எண்டு பெரிய சொல்லெல்லாம் எதுக்கு? நாம ஒரு குடும்பம். குடும்பத்துக்குள்ள நடந்தத சந்திக்குக் கொண்டு போவாங்களா? செபம் பண்ணுங்க. இதுக்கு நாங்க ஒரு வழி வச்சிருக்கம்."

குடும்பமாம்! எந்தக் குடும்பத்தில் ஒருவன் செய்ததற்கு மற்றவனைக் கூண்டில் ஏற்றுவார்கள்?

அவர்கள் வைத்திருந்த வழிதான் பாதம் கழுவுவது. பங்குச்சபைக்காரர் வந்து பெருமையாகச் சொன்னார்: "உன்ட தம்பிட கால ஃபாதரே கழுவி முத்தம் குடுக்கப்போறாரு. இதவிட என்ன மன்னிப்பு வேணும் உங்களுக்கு?" அதற்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை பாருங்கள். ஒரு செம்புத் தண்ணீரும் ஒரு துவாயும் போதும். போட்டோவும் எடுத்துப் பேஸ்புக்கில் போடலாம். தம்பி போகிறேன் என்றான். "உனக்கு வெக்கம், மானம், ரோசம் ஒண்டும் இல்லையாடா?" என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் வேட்டியை அயர்ன் பண்ணினான்.

கோயில் நிறைந்த சனம். பெண்கள் பக்கம் முன் வாங்கில் கருவாட்டுக்கார அக்கா கறுப்பு உடுப்போடு இருந்தா. பங்குத்தந்தை ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வந்து தம்பிக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். தம்பி குனிந்தான்.

"ஃபாதர், அண்டைக்கு வான் ஓடினது ஆர்?"

மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் சுவாமியாரின் அங்கியில் குத்தியிருந்த சின்ன மைக் அதைக் கோயில் முழுக்கக் கொண்டுபோனது. அவருடைய பதிலையும் கொண்டுபோனது.

"இப்ப வேணாம் மனே, ஆக்கள் பாக்குறாங்க. நான் ஓடினத இப்ப சொல்லி என்ன வரப்போகுது? உனக்கு நான் என்னவும் செஞ்சு தாறன்."

அந்த அக்கா எழும்பி நேரே வாங்கடிக்கு வந்தா.

"தம்பி, நீ ஓடல்லயா?"

"இல்லக்கா."

"அப்ப என்ட மனிசன அடிச்சது நீங்களா ஃபாதர்?"

அவர் துவாயும் கையுமாகப் பாடகர் குழுவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவர்களும் உடனே ஓர்கனை உரக்க வைத்து, அன்பைப் பற்றிப் பாடத் தொடங்கினார்கள். ச்சீ! அக்காவின் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. சுவாமியார் நகர்ந்து அடுத்த ஆளிடம் போனார். அந்த மனிசனும் காலை நீட்டினான். பிறகு எல்லோரும் நற்கருணைக்கு வரிசையில் போனார்கள். விசாரணை கேட்க என்னோடு வந்தவர்களும் போனார்கள். நான் வெளியே வந்து மதிலடியில் நின்றேன்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த மறுநாள் அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தா. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. அவனும் அழுதான். "இவ்வளவு காலமும் துப்பினனே மனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னா. அவ இருக்கும்போதே பெரிய ஃபாதரின் கார் வாசலில் வந்து நின்றது. அம்மா பதறிப்போய்க் கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா.

அவர் தம்பியைப் பார்த்து, "பூசையக் குழப்பினது பெரிய பாவம். வாற ஞாயிறு பீடத்துக்கு முன்னால நிண்டு நீ மன்னிப்புக் கேக்கணும்" என்றார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் கையைக் காட்டி மறித்தார். "அந்தச் செத்த மனிசன்ட குடும்பத்த நாங்க கைவிடல்ல பிள்ள. அவர்ர மனிசிட வீட்டுக்கு நானே எத்தின தரம் போய் ஆறுதல் சொல்லிருக்கன் தெரியுமா?"

பிறகு, எதிரே கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார்.

"இவ ஆரு, உங்கட சொந்தமா?"

அம்மாதான் முதலில் எழும்பினா. அவருடைய கையில் இருந்த கோப்பையை வாங்கி, மிச்சத் தேத்தண்ணியை முற்றத்தில் ஊற்றினா.

"அந்த மனிசிதான் சுவாமி இது" என்றா.