லத்தி அடி இல்லை என்று சொன்ன டாக்டரம்மா

சுகுணா டாக்டரம்மா போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னார். திருப்பதியில், தூக்கத்திலேயே...

தொண்ணூறு தாண்டியவர். இந்தக் கால ஆட்கள் யாருக்கும் அவரைத் தெரியாது, யாரும் பதிவு போடப்போவதில்லை. அதனால் நான் போடுகிறேன்.

ஆந்திரா, மெட்ராஸ் எல்லைச் சண்டை முடியாத நேரம். திருத்தணி எந்தப் பக்கம், நகரி எந்தப் பக்கம் என்று தினம் ஒரு பேச்சு. எங்கள் பக்கத்தையும் மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லி நடந்த ஒரு ஊர்வலத்தில் எனக்குப் பின்னங்கழுத்தில் லத்தி அடி விழுந்தது. அப்போது எனக்கு இருபது வயதுகூட இல்லை.

சில மாதம் கழித்துக் கழுத்து வலிக்க ஆரம்பித்தது, விடவே இல்லை. ராத்திரியில் அதிகம். எண்ணெய், ஒத்தடம், பற்று எல்லாம் பார்த்தாகிவிட்டது.

ஊரில் எல்லோருக்கும் காரணம் தெரியும். லத்தி அடி. டீக்கடையில் எனக்கு எழுந்து இடம் கொடுப்பார்கள்.

சித்தூர் ஆஸ்பத்திரிக்கு நான் வைத்தியத்துக்குப் போகவில்லை. இது லத்தி அடியால் வந்தது என்று ஒரு சர்ட்டிபிகேட் வாங்கத்தான் போனேன். என் அப்பா, நைனாவும் கூட வந்தார்.

அங்கே சின்ன வயது டாக்டரம்மா. தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். படு என்றார், படுத்தேன். எழுந்திரு என்றார், எழுந்தேன்.

"எத்தன நாளா இப்பிடி தலைய ரெண்டு கையால தூக்கிக்கினு எழுந்திருக்கிற?"

அப்படித்தான் எழுந்திருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கையை எடுத்துவிட்டு எழு என்றார். முடியவில்லை.

"சாயங்காலம் ஜுரம் வருதா?"

"லத்தி அடிக்கும் ஜுரத்துக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்தெலும்பு இரண்டு அரித்துப்போயிருந்தது. எலும்பில் டி.பி. என்றார்.

"டி.பி.ன்னா இருமல் வரணும். எனுக்கு இருமலே கெடையாது."

"எலும்பு இருமாதுப்பா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க ஆந்திரா கவர்மெண்டு சம்பளம் வாங்கறவங்க. லத்தின்னு எப்பிடி எழுதுவீங்க?" என்று கேட்டேன். நைனா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. "சரி, போ. எவனாவது உன் கழுத்த நெட்டி எடுத்தான்னா அன்னிக்கே கை கால் போயிடும். அப்புறம் நீ எந்த ஸ்டேட்ல படுத்துக்கினு இருந்தாலும் ஒண்ணுதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தாய்மாமன் வந்து கழுத்தைத் திருகி நெட்டி எடுப்பதாக ஏற்பாடு. அவர் கை பட்டால் எந்தச் சுளுக்கும் நிற்காது என்று பெயர். டாக்டரம்மாவிடம் நாங்கள் அதைச் சொல்லவே இல்லை... என் வலது கையிலிருந்து டம்ளர் நழுவ ஆரம்பித்திருந்ததையும் சொல்லவில்லை.

நைனாதான் முடிவு செய்தார். "எழுதுறத அப்புறம் எழுதிக்கட்டும்டா. நீ மொதல்ல படு."

படுத்தேன். கழுத்துக்கு மாவுக்கட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. தினமும் ஊசி, கை நிறைய மாத்திரை. மாதக்கணக்கில் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஊர்வலத்தில் கூட வந்த கட்சிக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வருவார்கள். "லத்தி அடி இவ்ளோ தூரம் கொண்டாந்து வுட்டுச்சே" என்பார்கள். நான் ஆமாம் என்பேன். நாலு கட்டில் தள்ளி நின்றுகொண்டே டாக்டரம்மா, "டி.பி." என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார்.

திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகிறது, நாங்கள் ஆந்திராவிலேயேதான் என்று முடிவான செய்தியையும் அந்தக் கட்டிலில்தான் கேட்டேன். சொன்னது யார் என்று திரும்பிப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு டாக்டரம்மா வந்து மணல் மூட்டையை நேராக்கினார். என் வலது கையில் டம்ளரைக் கொடுத்து, "புடி" என்றார். பிடித்தேன். "விடாதே" என்றார். விடவில்லை. போய்விட்டார்.

பிறகு நான் நடந்தேன், தறி ஓட்டினேன், கல்யாணம், குழந்தைகள், எல்லாம் ஆனது.

நான் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் இல்லை. ஆனால் எலும்பு டி.பி. பற்றிக் கிடைத்ததை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு பழைய புத்தகத்தில், அடிபட்ட எலும்பில் இந்த நோய் வந்து உட்காரலாம் என்று போட்டிருந்தது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்கே போனேன். அப்போது அவர் ரிட்டையர் ஆகி அங்கே மகள் வீட்டில் இருந்தார்.

வா என்றுகூடச் சொல்லவில்லை. முதலில் என் கழுத்தை அழுத்திப் பார்த்தார். பிறகுதான் கண்ணாடி போட்டுப் புத்தகத்தைப் படித்தார்.

"இது பழைய புஸ்தகம். இப்ப இத யாரும் ஒத்துக்கறதில்ல."

"ஒருத்தன் எழுதிக்கிறான் இல்லம்மா?"

"சரி. நூத்துல ஒரு பங்கு லத்தி. மிச்சம் டி.பி."

"பாதிம்மா."

"ஒரு பங்கு. அதுக்கு மேல தரமாட்டேன்."

காபி வந்தது. குடித்தோம். வாசல் வரை வந்து, "ஒரு பங்கு" என்றார். நான் "பாதி" என்றேன்.

இன்றைக்கும் பாதிதான். அதில் மாற்றமில்லை.

மகன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதைத் தட்டுகிறேன். மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம், போய்ச் சேர்ந்துவிடுவேன்.

புத்தூர் தாண்டி ரோடு படுமோசம், கேட்க ஆள் இல்லை. பஸ் தூக்கித் தூக்கிப் போடுகிறது.

கழுத்துக்கு ஒன்றும் இல்லை.

நல்லபடியாகப் போய் வாருங்கள், டாக்டரம்மா.