வேடிக்கை பார்க்கப் போன கால்கள்

பாரிஸில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, கடைவீதியில் பெரும் கூட்டத்தைப் பார்த்தேன். புதுச்சேரிக் கால்கள் அல்லவா, தாமாகவே அதை நோக்கி நடந்தன. "என்னா கூட்டம்டா!" என்று கைப்பேசியை உயர்த்தினேன். திடீரென்று கடைக் கண்ணாடிகள் நொறுங்கின, புகை எழுந்தது. முக்காடிட்ட பெண்ணொருத்தி என் பையைப் பிடித்து இழுத்தாள்.

"வீராம்பட்டினம் தேர்னு நெனச்சீங்களாண்ணே? போனை உள்ள வைங்க. ஓடாதீங்க, செவுத்தோரமா நடங்க."

நம்மூர்த் தமிழ்! பக்கத்துச் சந்தில் ஒரு ரொட்டிக் கடைக்குள் என்னைத் தள்ளினாள்.

"நீயும் உள்ள வாம்மா."

"உங்கள மாதிரியே இன்னொருத்தரு அங்க வாயப் பொளந்துகிட்டு நிக்கிறாரு."

புகைக்குள் திரும்பிப் போனவள், ஒரு வெள்ளைக்காரரின் கையைப் பிடித்து இருமிக்கொண்டே வந்து சேர்ந்தாள். அதன் பிறகே எனக்கு மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் எந்த ஊரில் கலவரக் கூட்டத்தைக் கண்டாலும் விலகிவிடுகிறேன். விலகும்போது, பக்கத்தில் யாராவது வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்களா என்றும் பார்க்கிறேன்.