அடுத்தவர் பொதியோடு அமெரிக்கா போகாதீர்கள்

அன்று சிட்னி நார்த்மீட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், என் கணவர், கணவரின் தமையனார், அவருடைய மனைவி, பரமட்டாவிலிருந்து வந்த ஒரு டொக்டர், பக்கத்துத் தெருவில் குடியிருந்த தஞ்சாவூர்க்காரத் தம்பதி. எழுபத்தேழாம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கதிரைகள் ஐந்துதான். என் கணவர் ஜன்னல் ஓரத்தில் சாய்ந்து நின்றார். நான் குசினி வாசலில் நின்றேன். எனக்கு அந்த இடம்தான் வசதி. அடுப்பை அணைத்தேனா என்று அடிக்கடி திரும்பிப் பார்க்கலாம்.

எங்களை ஒன்றுகூட்டியது அந்தத் தஞ்சாவூர்ப் பெண்ணின் பயணம். நகரத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை செய்து சேமித்த பணத்தில் அவள் அமெரிக்கா போகப் போகிறாள். தனியாக. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. கடைசியில் சிக்காகோவில் இருக்கும் அக்கா வீட்டில் தங்குவாள். அதற்கு முன் அவளுக்கு ஒரே ஒரு ஆசை. கிராண்ட் கன்யன் என்ற அந்தப் பெரிய பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பூகோளப் புத்தகத்தில் பார்த்த படமாம். கையிலிருந்தது மூன்று கிழமை விடுமுறை, இருபத்தொரு நாள்.

அதற்கு முந்தைய வருடம் நான் அப்படித் தனியாகப் போய் வந்திருந்தேன். பஃபலோவில் படித்துக்கொண்டிருந்த என் தம்பியைப் பார்க்க. அதனால்தான் அவள் என்னிடம் வழி கேட்க வந்தாள். இந்தச் செய்தியை என் கணவர் டெலிபோனில் தமையனாருக்குச் சொல்ல, மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லத் தொடங்கினேன்.

பாதையைக் கடக்கும்போது முதலில் இடது பக்கம் பார். இங்கத்தைய பழக்கத்தில் கழுத்து தானாக வலது பக்கம் திரும்பும், அதை நம்பாதே. இரவு பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால் உள்ள இருக்கையைப் பிடி. கைப்பையை மேலே வைக்காதே, காலுக்கிடையில் வை. வெளியில் எவ்வளவு வெயில் அடித்தாலும் பஸ்ஸுக்குள் குளிர் எலும்பைத் தின்னும், கம்பளிக் காலுறை இரண்டு சோடி வேண்டும். பஸ் நிலையத்தில் கழிவறைக் கதவு காசு போட்டால்தான் திறக்கும், சில்லறை மாற்றி வைக்காமல் தண்ணீர் குடிக்காதே. வழி கேட்பதானால் கடைப்பை சுமந்து வரும் கிழவியிடம் கேள். அவளுக்கு ஊர் தெரியும், அவசரமும் இருக்காது.

லொஸ் ஏஞ்சலிஸில் யாரும் நடப்பதில்லை. நான் ஒருநாள் கடைக்கு நடந்து போனபோது ஒரு பொலிஸ்காரர் காரை நிறுத்தி, என் கார் எங்கே பழுதாகி நிற்கிறது என்று அக்கறையோடு விசாரித்தார். சான் பிரான்சிஸ்கோவில் ஜூலை மாதத்தில் குளிரில் பல்லுக் கிட்டியது. நியூயோர்க்கைப் பற்றி எல்லோரும் என்னைப் பயமுறுத்தியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் அங்கே எல்லோரும் என்னைப் போலவே பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பின்னால் பார்த்துப் பார்த்து நடக்கிறார்கள். கவலைப்படுகிறவர்களுக்கென்றே கட்டிய நகரம் அது. எனக்கு உடனே பிடித்துவிட்டது.

தஞ்சாவூர்ப் பெண் சிரித்துச் சிரித்துக் கேட்டாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் டொக்டர் தன் காலடியில் இருந்த பையைத் திறந்து, மெத்தென்ற கம்பளி மயிரோடு ஒரு செம்மறித் தோலை எடுத்தார். கிளீவ்லாண்டில் இருக்கும் தன் தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, குழந்தையைக் கிடத்த இதைப் போல ஒன்று அங்கே கிடைக்காது என்றார். அதன் பிறகு கணவரின் தமையனார், நான் பெரியத்தான் என்று கூப்பிடுபவர், துவாயில் சுற்றிய ஒன்றைத் தூக்கி நடுமேசையில் வைத்தார். மேசை முனகியது. பித்தளை இடியப்ப உரல். அதன் மேல் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒரு பொதி. ஹூஸ்டனில் இருக்கும் மனைவியின் தம்பிக்கு.

எங்கள் ஆட்களில் ஒருவர் பயணம் போகிறார் என்றால் இது நடக்கும். அதுவரை அந்தத் தஞ்சாவூர்க்காரரைப் பெரியத்தான் ஒரு தேத்தண்ணிக்குக்கூட வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. "இந்தியாக்காரர்" என்று ஒரு சொல்லில் ஒதுக்கி வைத்திருந்தார். விமானச் சீட்டு எடுத்ததும் அவள் தங்கச்சி ஆகிவிட்டாள்.

"இது சின்னச் சாமான், தங்கச்சி," என்றார். "இறங்கின உடனை ஒரு கோல் எடுத்தியள் எண்டா அவன் காரோடை வந்து நிப்பான். அங்கை நிண்டு ரெண்டு நாள் ஆறுதலா இருந்து சாப்பிட்டுட்டுப் போகலாம்."

"ஹூஸ்டன் எங்கங்க இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"வழியிலைதான்."

"எந்த வழியிலை?" என்றேன் நான்.

என் பழைய பஸ் வரைபடத்தை டொக்டர் விரித்தார். லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு விரல், ஹூஸ்டனில் ஒரு விரல், பிறகு மேலே சிக்காகோ, வலது பக்கம் கிளீவ்லாண்ட். படத்தில் எல்லாம் ஒரு கைக்குள் அடங்கியது. பள்ளத்தாக்கு அந்தக் கைக்கு வெளியே கிடந்தது. அவளும் அதைப் பார்த்தாள். அவள் கணவரும் பார்த்தார். பிறகு அவள், "பரவால்லீங்க, பாத்துக்கலாம்," என்றாள்.

அந்தப் "பரவால்லீங்க" எனக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் இதே அறையில் நான் அதை "ஓம், அதுக்கென்ன" என்று சொல்லியிருந்தேன்.

அப்படிச் சொல்லித்தான் ஐந்து வீட்டுப் பொதிகளோடு போனேன். ஐந்து பொதி என்றால் ஐந்து வீடு. பஸ் நிலையத்துக்கு ஒரு கார் வரும். கார் நேரே வீட்டுக்குப் போகும். வீட்டில் ஒரு குசினி இருக்கும். அவர்கள் நல்ல மனிதர்கள், அதை மறைக்கமாட்டேன். மிளகாய்த்தூளை மணந்து பார்த்துவிட்டு ஒரு பெண் என் தோளில் முகம் வைத்து அழுதாள். எங்கள் ஊர்க்கதை கேட்க ஆளில்லாமல் காய்ந்து கிடந்தவர்கள். ஆனால் எந்த வீட்டிலும் "என்ன பார்க்கப் போறியள்?" என்று கேட்கவில்லை. "நாளைக்கு நிண்டு ஒரு மீன்குழம்பு வச்சுத் தந்திட்டுப் போங்கோ" என்றார்கள். சிக்காகோவில் ஒரு ஏரி கடல்போல் இருக்கிறதாம். நான் அங்கே மூன்று நாள் வெங்காயம் உரித்தேன்.

வாஷிங்டனில் மட்டும் தப்பினேன். போவதற்கு முன் இரவெல்லாம் நித்திரை இல்லை. அந்த நாட்டில் இரண்டு வாஷிங்டன் இருக்கிறதாம், பஸ் என்னை மற்றதற்குக் கொண்டுபோய்விடுமோ என்று கவலை. கருமபீடத்தில் டிக்கெட் கொடுத்த பெண்ணிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்டதில் அவள் முறைத்தாள். சரியான வாஷிங்டனில் இறங்கியதும், பொதி கொடுக்க வேண்டிய வீட்டுக்கு டெலிபோன் எடுத்து, இப்போது வர வேண்டாம், பின்னேரம் நானே வருகிறேன் என்று சொன்னேன். பொதியைப் பஸ் நிலையத்தில் காசு போட்டு எடுக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவியைச் சட்டைக்குள் ஊசி குத்தி மாட்டினேன். பிறகு நடந்தேன். வழி தவறினேன், மறுபடி தவறினேன். ஒரு பெரிய வெள்ளை மண்டபத்துக்கு முன்னால் புல்லில் குந்தியிருந்து, பேக்கரியில் வாங்கிய பாணும் கட்டிக்கொண்டு வந்த சம்பலும் சாப்பிட்டேன். யாரோ ஒருவர் பக்கத்தில் வந்து இருந்து, தன் பாட்டில் எழும்பிப் போனார். அவ்வளவுதான். என் அமெரிக்கா முழுதாக அந்த ஒரு நாள்தான், மற்ற ஊர்களைக் கடைக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கண்டதுதான்.

பின்னேரம் அந்த வீட்டுக்காரர் என்னை வாசலிலேயே ஏசினார். "உங்களுக்கு ஏதும் நடந்திருந்தா நாங்கள் ஆருக்குப் பதில் சொல்லுறது?" என்றார். என் கணவருக்குத்தான் என்று நினைத்திருப்பார். எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்வேன் என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதெல்லாம் குசினி வாசலில் நின்ற எனக்கு ஒரே மூச்சில் நினைவுக்கு வந்தது. நான் பயந்த சுபாவம். கூட்டத்தில் வாய் திறந்தால் குரல் நடுங்கும். அன்றும் நடுங்கியது. முன்னறைக்குள் வந்து வரைபடத்தை மடித்தேன்.

"அவ ஒண்டும் கொண்டு போகமாட்டா," என்றேன்.

பெரியத்தான் என்னை அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தார். "பிள்ளை, உன்னட்டை ஆர் கேட்டது? போறது அவ."

"அவவுக்குச் சொல்ல ஏலாது. பழகின ஆக்கள் இல்லை, மறுத்தா என்ன நினைப்பினமோ எண்டு யோசிப்பா. அதுதான் நான் சொல்லுறன்."

"அக்கா, விடுங்க," என்றாள் அவள் மெதுவாக.

"நீங்க சும்மா இருங்கோ. உங்களுக்குப் பள்ளத்தாக்குப் பாக்கோணுமோ, இல்லாட்டி இடியப்பம் அவியோணுமோ?"

அவள் தன் கணவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பள்ளத்தாக்குதான் பாக்கணும்," என்றாள். அறையில் எல்லோருக்கும் கேட்டது.

பெரியத்தானின் மனைவி முகத்தைத் தொங்கப் போட்டார். "என்ர தம்பியின்ரை பிள்ளையள் இடியப்பம் எண்டு அழுதுகள். உனக்கு இரக்கமே இல்லையோடி?"

"அக்கா, ஹூஸ்டனிலை பாண் இருக்கு. உரல் போற வரைக்கும் பாணைத் தின்னட்டும்."

டொக்டர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அதுதான் பெரியத்தானுக்குக் கோபத்தைக் கிளப்பியது. "எட்டாம் வகுப்போடை நிண்டனீ," என்றார். "இப்ப அமெரிக்காவுக்கே சட்டம் போடுறாய்."

என்னைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் மறித்தது வீட்டில் சமைக்க ஆளில்லை என்று. அது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த எட்டை எடுத்து வெளியே வைப்பார். வழக்கமாக நான் உள்ளே போய்விடுவேன்.

"ஓம் பெரியத்தான், எட்டுத்தான்," என்றேன். "ஒன்பதாம் வகுப்பிலை அடுத்தவன்ரை உரல் சுமக்கப் படிப்பிச்சவையோ? நான் அதைப் படிக்கேல்லை."

என் கணவர் ஜன்னலை விட்டு வந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று எல்லோரும் பார்த்தோம். அவர் உரலைத் துவாயோடு தூக்கி, மற்றக் கையில் செம்மறித் தோலை எடுத்து, குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, கேத்தலில் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினார். இருபது வருடக் கலியாணத்தில் அவர் எனக்காகப் பேசிய மிக நீளமான பேச்சு அது.

"அப்ப சாமான் என்னெண்டு போறது?" என்றார் பெரியத்தான்.

"தபாலிலை. நாளைக்கு நானே போட்டுவிடுறன்."

"ஆர் காசு குடுக்கிறது?"

"இப்ப நான் குடுக்கிறன். பிறகு நீங்கள் தாங்கோ. அவவின்ரை லீவு உங்களுக்குச் சும்மா கிடைக்கிற சாமான் இல்லை."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிச் சலவைக்கூட வேலைக்குப் போகுமுன் தபால் கந்தோருக்குப் போனேன். தராசில் உரலை வைத்த வெள்ளைக்காரப் பையன் அதைத் தட்டிப் பார்த்து, இது ஆயுதமா என்று கேட்டான். நூடுல்ஸ் பிழிகிற சாமான் என்றேன். நம்பாமல் எழுதிக்கொண்டான். வேலை முடியும்வரை, அவன் அதை வெடிகுண்டு என்று எண்ணிப் பொலிஸைக் கூப்பிட்டிருப்பானோ என்று யோசித்துக்கொண்டே துணி மடித்தேன். பொலிஸ் வரவில்லை. உரல் கப்பலில் போய்ச் சேர்ந்தது. ஹூஸ்டன் பிள்ளைகள் பாண் தின்று செத்துப்போகவும் இல்லை.

தஞ்சாவூர்ப் பெண் திரும்பி வந்த அடுத்த நாளே என் வாசலில் வந்து நின்றாள். மூக்கில் தோல் உரிந்திருந்தது. உள்ளே வரச் சொன்னேன். அவள் கதவடியிலேயே நின்று சொல்லத் தொடங்கினாள்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரி டிரைவர் பின்னாடியே உக்காந்து போனேன். அங்க போய் ஒரு கல்லு மேல உக்காந்தேன். மத்தியானத்திலேர்ந்து இருட்டுற வரைக்கும். யாரும் கூப்பிட வரலை. யாரும் சாப்பிட்டியான்னு கேக்கலை. கலர் மாறிக்கிட்டே இருந்துச்சு. பயமாவும் இருந்துச்சு."

"பயந்தா என்ன?" என்றேன். "நான் பயந்து பயந்துதான் அவ்வளவு தூரம் போயிட்டு வந்தனான்."

இப்போதும் யாராவது அமெரிக்கா போகிறேன் என்று என்னிடம் வந்தால், கழுத்தை இடது பக்கம் திருப்பப் பழகுங்கள் என்பதையும் சில்லறைக் காசையும் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன். பொதி வாங்காதீர்கள். அந்த வீடுகளுக்குப் போங்கள், கதையுங்கள், ஒரு நேரம் சாப்பிடுங்கள். ஆனால் வெறுங்கையோடு போய், உங்களுக்கு விருப்பமான நேரத்தில் வெளியே வாருங்கள். உங்களை மரியாதை தெரியாதவர் என்பார்கள். என்னையும்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகும் நான் நன்றாகத்தான் நித்திரை கொள்கிறேன், அடுப்பை ஒருமுறை எழும்பிப் பார்த்துவிட்டு.

டொக்டர் அந்தக் கிழமையே தன் தோலுக்கான தபால் காசைக் கடித உறையில் போட்டு அனுப்பிவிட்டார். பெரியத்தான் தரவில்லை. தபாலில் போடச் சொல்லி யார் கேட்டது என்பது அவருடைய நியாயம். நான் மறந்துவிடுவேன் என்றோ, கூச்சப்படுவேன் என்றோ நினைத்திருப்பார். கலியாண வீடானாலும் பிறந்தநாள் வீடானாலும், அவரைக் கண்டால் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கிறேன். குரல் இன்னும் நடுங்குகிறது. தொகை நடுங்குவதில்லை: ஒன்பது டொலர் அறுபது சதம்.