பீட்ரூட்டுக்குப் போன பெயர்

எனக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது, எங்கள் ஊருக்கு வரும் நர்சம்மா விரலில் குத்திப் பார்த்துவிட்டு, ரத்தம் எட்டரைதான் இருக்கிறது என்றார். சத்து மாத்திரையை எப்படிப் போடுகிறாய் என்று கேட்டார். டீ குடிக்கும்போது கூடவே போட்டுக்கொள்வதாகப் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். டீயோடு போட்டால் சத்து உடம்பில் ஒட்டாதாம். எலுமிச்சை ஜூஸோடு போடு, முட்டை சாப்பிடு, கீரை சாப்பிடு, வாரத்தில் இரண்டு நாள் ஆட்டு மண்ணீரல், அதான் சுவரொட்டி, சாப்பிடு என்றார்.

பக்கத்தில் நின்றிருந்த என் மாமியார் முட்டைக்கும் சுவரொட்டிக்கும் மட்டும் காதை மூடிக்கொண்டார். அது புரட்டாசி. பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு வீட்டில் முட்டை ஓடுகூடத் தென்படாத மாதம். அன்றைக்குச் சாயங்காலமே கவரைப்பேட்டை சந்தையில் மூன்று கிலோ பீட்ரூட் வாங்கினார்.

அதற்குப் பிறகு காலையில் பீட்ரூட் ஜூஸ், மதியம் பீட்ரூட் பொரியல், ராத்திரி பீட்ரூட் போட்ட சாம்பார். என் நாக்கு, உதடு, நகக்கண் எல்லாம் சிவந்துபோயின. நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தேன். லைனில் என் பக்கத்தில் நின்று வேலை செய்யும் அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவர். இரண்டு பிள்ளை பெற்றவர். என் டிபன் பாக்ஸைப் பத்து நாள் பார்த்துப் பொறுத்துக்கொண்டு, பதினோராம் நாள் கேட்டார்.

"இன்னா கண்ணு, கொயந்தைக்கு பெயின்ட் அடிக்கறியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் அவர் பாக்ஸில் சுவரொட்டி இருந்தது. சின்ன வெங்காயம், மிளகு போட்டுச் சுருள வதக்கியது. பெருமாளிடம் மனசுக்குள், இது எனக்கு இல்லை, உள்ளே இருப்பதற்கு, என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். உள்ளே இருப்பதற்குப் பசி அதிகம்தான் போலிருக்கிறது. அக்காவுக்கு ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை. அவர் என் பீட்ரூட்டைச் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் பாக்ஸை மாற்றிக்கொண்டோம். மற்ற நாளில் ஒரு அவித்த முட்டை. கிளம்பும் முன் என் கையையும் வாயையும் அக்கா மோந்து பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்து மறுபடி கழுவச் சொல்வார். என் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும். அவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை முடிந்து வரும் வழியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, வாயில் பாக்கோடு வீட்டுக்குள் நுழைகிற ஆள். என்னைக் காட்டிக்கொடுக்கும் தைரியம் அவருக்கு எங்கிருந்து வரும்?

புரட்டாசி முடிந்தது. தீபாவளிக்கு ஒரு கோழி அடித்தார்கள். அதோடு சரி. கார்த்திகை பிறந்ததும் மாமனார் சபரிமலைக்கு மாலை போட்டார். மறுபடி பீட்ரூட்.

ஆனால் என் ரத்தம் பத்தைத் தாண்டிவிட்டது. நர்சம்மா பாராட்டினார். மாமியாரைப் பிடிக்க முடியவில்லை. பால் ஊற்றப் போகும் இடம், ரேஷன் கடை வரிசை, கோயில் வாசல் என்று எங்கே நின்றாலும் பீட்ரூட் பிரசங்கம்தான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். என் கன்னத்தைத் திருப்பிக் காட்டி, பாருங்கள் என்பார். நானும் காட்டுவேன்.

விளையாட்டு அதோடு நிற்கவில்லை. அடுத்த தெருவில் ஒரு பெண் எனக்கு ஒரு மாதம் பின்னால் முழுகாமல் இருந்தாள். மாத்திரை வயிற்றைப் பிடிக்கிறது என்று அவளுக்கு ஏற்கெனவே ஒரு சாக்கு இருந்தது. என் மாமியார் பேச்சைக் கேட்டு மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டு, வெறும் பீட்ரூட் ஜூஸாகக் குடித்திருக்கிறாள். அந்த மாதம் அங்கன்வாடியில் எங்கள் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்துச் சோதித்தபோது அவளுக்கு எட்டுக்கும் கீழே வந்தது. நர்சம்மா திட்டத் தொடங்கியதும் அவள் அழுதுகொண்டே என் மாமியாரைக் கை காட்டினாள்.

"அந்த அத்ததான் சொன்னாங்க. அவங்க மருமவளுக்கு அதுலதான் ஏறுச்சாம்."

மாமியார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நீ சொல்லு என்பதுபோல. அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தேன். இமைக்குள் வெளுத்திருந்தது.

"பீட்ரூட் மட்டும் இல்ல நர்சம்மா," என்றேன். "மாத்திரைய நீங்க சொன்ன மாதிரி எலுமிச்ச ஜூஸோட போட்டேன். கம்பெனில முட்டையும் சுவரொட்டியும் துன்னுக்கினு இருந்தேன்."

யாரோ ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். நர்சம்மா அந்தப் பெண்ணின் சீட்டில் எழுதிக்கொடுத்து, அவளை மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், வாய்க்காலைத் தாண்டியதும், யார் சமைத்தது என்று மாமியார் கேட்டார். சொன்னேன். சர்ச் தெருவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அக்காவின் அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் எங்கள் மாதிரி வீடுகளின் வயலில் நடவு நட்டவர்கள். அது மாமியாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அவ கை சுத்தமா இருக்குமா?"

"உங்க பேரப்புள்ளைக்கு ரத்தம் ஏத்துன கைதான் அத்த."

அவ்வளவு துடுக்காக நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் வந்தது. மூன்றாம் நாள் காலையில் என் பை கனத்தது. உள்ளே இரண்டு பாக்ஸ்.

"ஒண்ணு அவளுக்கு. ஓசில துன்ற குடும்பம்னு நமக்குப் பேரு வரக் கூடாது," என்றார் என்னைப் பார்க்காமல். "என் ஊட்டு அடுப்புல அது ஏறக் கூடாது. கம்பெனில நீ இன்னா துன்றேன்னு நான் கேக்க மாட்டேன்."

அதற்கப்புறம் ஊரில் அவர் பேச்சும் கொஞ்சம் மாறியது. மாத்திரை, பீட்ரூட், அப்புறம் கொஞ்சம் கம்பெனி சாப்பாடு என்று சொல்லத் தொடங்கினார். கம்பெனி சாப்பாடு என்றால் என்னவென்று ஊருக்கே தெரியும்.

அடுத்த தெருப் பெண்ணின் வீட்டிலும் மாலை போட்டிருந்தார்கள். டாக்டர் அவளுக்கு ஊசி வழியாக மருந்து ஏற்றினார். மாத்திரையையும் விடாமல் போடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்காக அக்கா சுவரொட்டி சமைத்துக் கொடுக்க, என் வீட்டுக்காரர் சூட்டோடு பைக்கில் வாங்கி வந்தார். முதல் ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு நான் தெருவில் இறங்கினேன். மாமியார் பின்னாலேயே வந்து பையைப் பிடுங்கினார்.

"உன் காலு வீங்கிக்கினு கீது. குடு இங்க."

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, வேலி ஓரமாக அவர் நடந்து போவதை நானும் என் வீட்டுக்காரரும் சன்னல் வழியாகப் பார்த்து, சத்தம் வராமல் சிரித்தோம். திரும்பி வந்ததும் தலைக்குக் குளித்தார். மாலை கழற்றும் வரை எல்லா ஞாயிறும் அப்படித்தான். அந்தப் பெண் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும்வரை, யாரும் வராமல் மாமியாரே காவல் இருந்தார் என்று அவள் பிற்பாடு சொன்னாள்.

ஒன்பதாம் மாதம் வளையல் போட்டு என்னைத் திருப்பாச்சூருக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். தை கடைசியில் திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். மூன்று கிலோ. அடுத்த மாதமே அடுத்த தெருப் பெண்ணுக்கும் சுகப்பிரசவம்.

ஒரு ஞாயிறு அக்கா குழந்தையைப் பார்க்க வந்தார். அதே நேரம் மாமியாரும் பஸ்ஸில் வந்து இறங்கினார். இரண்டு பேரும் அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறார்கள். மாமியார் அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உனக்குப் பிரசவம் எத்தனை மணி நேரம் ஆச்சு என்று கேட்டார். முதல் பிள்ளைக்கு ஒரு ராத்திரி முழுக்க என்றார் அக்கா. தனக்கு ஒன்றரை நாள் என்று மாமியார் பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் யார் வலி பெரிய வலி என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். என்னுடையதைச் சொல்ல இரண்டு தடவை வாய் திறந்தேன். யாரும் கவனிக்கவில்லை. குழந்தையை அணைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.